மதம் மாறினால் சாதி போயிடுமா? தங்கவயல் தேர்தல் வழக்கிலிருந்து கல்லறைச் சுவர் வரைக்கும்

எங்க பக்கம், அதாவது பேரிகை, பாகலூர், சூளகிரி வட்டாரத்துல, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் கூடும். அப்போ சில குடும்பங்களுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வரும்: "பையனுக்கு எஸ்சி-ன்னு கேக்கறதா, பிசி-ன்னு கேக்கறதா?" கேட்கிறவங்க கிறிஸ்தவங்க. தாத்தாவோ அப்பாவோ ஞானஸ்நானம் எடுத்தவர். வீடு இன்னும் அதே காலனியில்தான் இருக்கு. ஊருக்குள்ள அவங்களைக் கூப்பிடுற விதமும் மாறலை. ஆனா பேரு மட்டும் ஜான், மேரி, டேவிட்.

இதுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். அந்தப் பதிலை இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்லியும் இருக்கேன். ஆனால் அதுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வழக்குகள் இருக்கு. அதில் முக்கியமான ஒண்ணு நமக்குப் பக்கத்திலேயே, எல்லைக்கு அந்தப் புறம் கோலார் தங்கவயலில் நடந்தது. நான் வக்கீல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறவன், மத்த நாட்களில் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உள்ளவன். அப்படிப் படிச்சதில் புரிஞ்சதை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

மூணாவது பத்தி

பட்டியல் சாதியில் யார் யார் வருவாங்கன்னு சொல்றது, குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10-ல் வெளியிட்ட ஆணை. சாதிகளின் பெயர்கள் மாநில வாரியாக அதில் இருக்கும். அதோட மூணாவது பத்திதான் நம்ம விஷயம். இந்து மதம் தவிர வேற மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் சாரம்.

இது சுதந்திர இந்தியா புதுசாகக் கண்டுபிடிச்சது இல்லை. பிரிட்டிஷ் அரசு 1936-ல் போட்ட ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இடம் இல்லைன்னு எழுதியிருந்தது. 1950-க்கு அப்புறம் அந்தப் பத்தி இரண்டு தடவை திருத்தப்பட்டது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தாங்க. 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான்.

பழங்குடியினர் விஷயத்தில் இந்த நிபந்தனையே கிடையாது என்பதையும் கவனிக்கணும். பழங்குடிப் பட்டியலில் இருக்கிற ஒருத்தர் எந்த மதத்துக்குப் போனாலும் எஸ்டி-தான். மதத்தோடு முடிச்சுப் போட்டிருப்பது பட்டியல் சாதியை மட்டும்தான்.

நடைமுறையில் இது எப்படி வரும்? ஒரு கற்பனைக் குடும்பம் வெச்சுக்குவோம். அண்ணன், தம்பி இரண்டு பேர், ஒரே தெரு. அண்ணன் மாரியம்மன் கோயிலுக்குப் போறார். தம்பி கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டார். அண்ணன் மகனுக்குத் தமிழ்நாட்டில் எஸ்சி-க்கான 18 சதவீத ஒதுக்கீடு. தம்பி மகன் பிசி பட்டியலுக்குப் போவான். எத்தனை தலைமுறைக்கு முன்னாடி மதம் மாறியிருந்தாலும், எஸ்சி-யிலிருந்து கிறிஸ்தவரானவர் பிசி-ன்னுதான் தமிழ்நாட்டுப் பட்டியல் சொல்லுது. பிசி-க்கு 26.5 சதவீதம் இருக்கே, அதிகம்தானேன்னு தோணும். ஆனா அங்கே அவன் போட்டி போட வேண்டியது, தலைமுறை தலைமுறையாக நிலமும் கடையும் வெச்சிருக்கிற சாதிகளோட.

அண்ணன் ஊத்தங்கரை மாதிரி தனித்தொகுதியில் எம்எல்ஏ-வுக்கு நிற்கலாம், தம்பி நிற்க முடியாது. ஊர்ச் சண்டையில் இரண்டு பேரையும் ஒரே ஆள், ஒரே வார்த்தையில், சாதி சொல்லித் திட்டி அடிச்சால், அண்ணனுக்கு 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. தம்பிக்குச் சாதாரண அடிதடி வழக்குதான். இது வெறும் கற்பனைன்னு நினைக்க வேண்டாம். தன்னைச் சாதி சொல்லித் தாக்கினாங்கன்னு ஒரு பாஸ்டர் போட்ட வழக்கில், மதம் மாறியவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாதுன்னு ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளிச்சது.

மூணு மாநிலம், மூணு பட்டியல்

பேரிகையில் இருக்கிறவங்களுக்கு எல்லை என்பது தினசரி விஷயம். மாலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகா. வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் ஆந்திராவின் குப்பம். ஒரே வீட்டுக்குள்ள தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவோம். சம்பந்தமும் மூணு பக்கமும் நடக்கும்.

மதம் மாறிய தலித் குடும்பத்துக்கு மட்டும் எல்லையைத் தாண்டினால் பெயரே மாறிடும். தமிழ்நாட்டில் பொதுவான பிசி. ஆந்திராவில் பிசி-சி-ன்னு இவங்களுக்குன்னே ஒரு பிரிவு, அதுக்கு 1 சதவீதம். கர்நாடகாவில் பிற்படுத்தப்பட்டோரிலேயே மிகவும் பின்தங்கிய முதல் பிரிவில் சேர்த்திருக்காங்க. மூணு மாநிலமும் ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டிருக்கு பாருங்க: இவங்க மத்த கிறிஸ்தவங்க மாதிரி இல்லை, ஞானஸ்நானத்தோட இவங்க பின்தங்கின நிலை தீர்ந்துடலை. மாநிலத்துக்குத் தெரியற இந்த விஷயம் மத்திய ஆணையில் மட்டும் காணாமல் போயிடுது.

தங்கவயல் வழக்கு

மாலூர், பங்காருப்பேட்டை தாண்டிப் போனால் கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பிச்ச பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே போனாங்க. அதில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பக்கத்திலேயே சர்ச்சுகளும், மாரியம்மன் கோயில்களும். ஒரே லைன் வீடுகளில் இந்து, பௌத்தர், கிறிஸ்தவர்னு மூணு வகை ஆதிதிராவிடர்கள் குடியிருந்த ஊர் அது. சுரங்கத்தை 2001-ல் மூடிட்டாங்க.

அந்தத் தங்கவயல், அன்றைய மைசூர் மாநில சட்டசபையில் தனித்தொகுதி. 1967 தேர்தலில் எஸ். ராஜகோபால் ஜெயிச்சார். தோத்தவர் சி.எம். ஆறுமுகம். ராஜகோபால் 1949-லேயே கிறிஸ்தவராக மாறியவர், அதனால் தனித்தொகுதியில் நிற்கத் தகுதி இல்லைன்னு ஆறுமுகம் வழக்குப் போட்டார். நான் மறுபடி இந்துவாயிட்டேன்னு ராஜகோபால் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1968-ல் ராஜகோபாலின் பதவி போச்சு. மறுபடி இந்துவானால் மட்டும் போதாது, சாதிக்குள் மறுபடி சேர்த்துக்கிட்டாங்கன்னு நிரூபிக்கணும் என்பது அன்றைய தீர்ப்பின் சாரம்.

1972 தேர்தலில் அதே தொகுதியில் ராஜகோபால் மறுபடி ஜெயிச்சார். ஆறுமுகமும் மறுபடி வழக்குப் போட்டார். இந்தத் தடவை ராஜகோபால் தரப்பு ஆதாரங்களோட வந்தது. ஆதிதிராவிடர் கோயில் சுவர் கட்ட அடிக்கல் நாட்ட அவரைக் கூப்பிட்டிருந்தாங்க. பட்டியல் சாதியினர் மாநாட்டில் அவருக்குப் பொறுப்புக் கொடுத்திருந்தாங்க. இப்படி ஊர்க்காரங்க அவரைத் தங்களில் ஒருத்தராக நடத்தினதுக்கான சாட்சிகள். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டு அவர் வெற்றியை உறுதி செஞ்சது.

இந்த இரண்டாவது தீர்ப்பை நான் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கேன். மதம் மாறினாலே சாதி போயிடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துற விதி இல்லைன்னு நீதிபதிகளே அதில் ஒத்துக்கிறாங்க. தென்னிந்தியாவில் மதம் மாறின பிறகும் சாதி தொடர்கிற சமூகங்கள் உண்டு, அது அந்தந்த சாதியின் வழக்கத்தைப் பொறுத்ததுன்னு சொல்றாங்க. ஒருத்தர் மறுபடி உள்ளே வந்தாரா இல்லையான்னு தீர்மானிக்கிறதும் அவர் மனசுக்குள்ள இருக்கிற நம்பிக்கையை வெச்சு இல்லை. சுத்தி இருக்கிற சாதி ஜனங்க அவரை எப்படி நடத்தறாங்க என்பதை வெச்சு.

அப்படின்னா அடுத்த கேள்வி தானா வருது. சாதியை முடிவு பண்றது சுத்தி இருக்கிற ஜனங்கதான்னா, ஒருத்தர் தண்ணீரில் முங்கி எழுந்த உடனே அந்த ஜனங்க எல்லாருக்கும் அவர் சாதி மறந்துடுமா? டீக்கடைக்காரருக்கு? வாடகைக்கு வீடு கொடுக்கிறவருக்கு? பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு?

சூசையின் பெட்டிக்கடை

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்திடம் நேராகவே கேட்டவர் சூசை. சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரத்தில் தொழில் செய்யற ஆதிதிராவிடச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செஞ்ச இந்துத் தொழிலாளிக்குக் கிடைச்சது, சூசைக்குக் கிடைக்கலை. காரணம் மதம்.

1985-ல் தீர்ப்பு வந்தது. சூசை தோத்தார். ஆனா நீதிமன்றம் சொன்ன காரணம் முக்கியம். கிறிஸ்தவத்தில் சாதியே கிடையாது, அதனால் தள்ளுபடின்னு அவங்க சொல்லலை. மதம் மாறின பிறகும் சாதி தொடர்ந்தால் மட்டும் போதாது. அந்தச் சாதியால் வர்ற இழிவும் ஒடுக்குமுறையும் கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளேயும் அதே கடுமையோட இருக்குன்னு காட்டணும், அதுக்கான ஆதாரம் எங்க முன்னால் இல்லைன்னு சொன்னாங்க.

ஆதாரம் கொண்டுவான்னு நீதிமன்றம் கேட்டுது. சரி, அந்த ஆதாரம் யாரிடம் இருக்கு? பங்குப் பதிவேடுகள், கல்லறை வரைபடம், திருவிழாக் கணக்கு, பங்குப் பேரவை உறுப்பினர் பட்டியல் எல்லாம் சபைகளிடம்தான். அதைச் சபை தானாக முன்வந்து மேசையில் வைக்குமா என்பதில்தான் விஷயமே இருக்கு.

வீட்டுக்குள்ளே

தமிழ்நாட்டுச் சபைகளில் சாதி நேத்து நுழைஞ்சது இல்லை. 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுசாக ஒழியணும்னு தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். அதுக்குத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு. தனித்தனியாக உட்காருவதும் தனித்தனியாக நற்கருணை வாங்குவதும் வெறும் நாட்டு வழக்கம், விசுவாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு வாதாடினவங்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருத்தர். அவர் கீர்த்தனைகளை இன்னைக்கும் பாடறோம். இந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தெரிஞ்சுக்கணும்.

நம்ம காலத்துக்கு வருவோம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்கு நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் தலித்துகள். பல வருஷமாக அது போராட்டப் பொருளாக இருக்கு. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் சவ ஊர்வலப் பாதை, தனிப் பங்கு போன்ற விஷயங்களில் நீண்ட தகராறு. 2008 மார்ச் 9-ல் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தாங்க. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்தில் கோயில் திருவிழாவில் சம உரிமை கேட்டு தலித் கிறிஸ்தவர்கள் போட்ட வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போச்சு.

கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் முன்னேற்றக் கொள்கை ஒண்ணை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கு, அது ஒழியணும்னு எழுத்திலேயே ஒத்துக்கிச்சு. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனப்போ, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால்னு உலகமே எழுதினது. சந்தோஷமான செய்தி. இந்தியாவில் கிறிஸ்தவம் வந்து எத்தனை நூற்றாண்டு ஆச்சுன்னு கணக்குப் போட்டால் அதே செய்தி வேற மாதிரி ஒலிக்கும்.

இப்போ சபைகளின் இரட்டைப் பேச்சைப் பாருங்க. டெல்லியில் ஆர்ப்பாட்டம்னா, "எங்க மக்கள் இன்னும் சாதிக்கொடுமையில் வாடறாங்க"ன்னு பேனர். ஊரில் யாராவது கல்லறைச் சுவரைப் பத்திக் கேட்டால், "இது சின்னப் பிரச்சினை, வெளியே சொல்லிப் பேரைக் கெடுக்காதீங்க." இந்த இரண்டும் ஒரே வாயில் நிக்காது. சூசைக்குத் தேவைப்பட்ட ஆதாரத்தை நாமே பூட்டி வெச்சிருக்கோம். அதுக்கான விலையைக் கட்டுறது கல்லறையில் சுவருக்கு அந்தப் பக்கம் இடம் ஒதுக்கப்பட்ட குடும்பம்.

வேதம் என்ன சொல்லுது

"சர்ச்சையில் இறங்காதே, ஜெபம் பண்ணு" என்கிற அறிவுரையை நிறையக் கேட்டிருக்கேன். ஆனா புதிய ஏற்பாட்டில் முதல் சபையே ஒரு பந்தித் தகராறில்தான் தடுமாறுது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் தினமும் சாப்பாடு விநியோகம். அதில் கிரேக்க மொழி பேசுற விதவைகளைக் கவனிக்காமல் விடறாங்கன்னு முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் "சபையில் பாகுபாடே கிடையாது"ன்னு அறிக்கை விடலை. முறுமுறுக்கிறவங்களைக் கலகக்காரங்கன்னும் சொல்லலை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து விநியோகப் பொறுப்பையே கொடுத்தாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்த மாதிரிதான் தெரியுது. இட ஒதுக்கீடுன்னு தனியாகப் பேர் வைக்காமலேயே செஞ்சிருக்காங்க.

அடுத்தது கலாத்தியர் 2-ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோட ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பெரியவங்க வந்ததும் மெதுவாக எழுந்து விலகிட்டார். அவருக்குக் கொள்கை தெரியாதுன்னு இல்லை. நம்மாளுங்க என்ன நினைப்பாங்களோன்னு பயம். பவுல் அதைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசி முடிக்கலை, எல்லார் முன்னாடியும் கேட்டார். நம்ம சபைகளில் ரொம்பப் பேர் இந்தப் பேதுரு நிலைமையில்தான் இருக்காங்கன்னு நினைக்கிறேன். மேடையில் சமத்துவம் பேசுவாங்க, மகள் கல்யாணம்னு வந்தால் எழுந்துடுவாங்க.

மூணாவது, பவுலின் குடியுரிமை. நடபடிகள் 22-ல் அவரைக் கட்டி வெச்சு அடிக்கப் போறப்போ, தான் ரோமக் குடிமகன்னு சொல்லித் தடுத்தார். பிறகு இராயனிடம் மேல்முறையீடும் செஞ்சார். "விசுவாசிக்கு எதுக்குச் சலுகை"ன்னு கேட்கிறவங்களுக்கு இதைத்தான் காட்டுவேன். சட்டம் தனக்குக் கொடுத்த இடத்தை உபயோகிக்கிறது விசுவாசக் குறைவுன்னு பவுல் நினைக்கலை.

எதிர்த்தரப்பு சொல்றது

இதை எதிர்க்கிறவங்களில் வெறுப்பில் பேசுறவங்களும் உண்டு, நியாயமான கவலையோட பேசுறவங்களும் உண்டு. மூணு வாதங்களைப் பார்க்கலாம்.

முதலாவது: கிறிஸ்தவத்தில் கொள்கைப்படி சாதி இல்லையே. சரி. பௌத்தத்திலும் சீக்கியத்திலும்கூடக் கொள்கைப்படி சாதி இல்லை. அவங்களைச் சேர்த்ததுக்குக் காரணம் கொள்கை இல்லை, தெருவில் இருக்கிற நிலைமை. அதே அளவுகோலை இங்கேயும் வைக்கணும்.

இரண்டாவது: இது மதமாற்றத்தை ஊக்குவிக்கும். இப்போ இருக்கிற சட்டமே ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குதுங்கறதை யோசிச்சுப் பார்க்கணும். போனால் பறிச்சுக்குவோம், திரும்பி வந்தால் கொடுப்போம்னு சொல்ற சட்டம் நடுநிலை கிடையாது. அரசு ஒரு ஆளின் ஏழ்மையையும் இழிவையும் மட்டும் பார்த்து உதவி செஞ்சால், மதம் அவர் சொந்த விஷயமாக ஆயிடும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பக் கனமான வாதம். எஸ்சி ஒதுக்கீட்டில் கிறிஸ்தவங்களையும் சேர்த்தால், மிஷன் பள்ளியில் படிச்ச குடும்பங்கள் முந்திக்கும், ஏற்கெனவே கடைசியில் நிக்கிற சாதிகள் இன்னும் பின்னால் போயிடும். அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு கிடைச்சதே 2009-ல்தான். அவங்க பயம் நியாயமானது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மூணாவது பத்தியை நீக்கச் சொன்னப்போ, அதன் உறுப்பினர்-செயலர் ஆஷா தாஸ் அதை ஏத்துக்காமல் தனியாக எழுதி வெச்சார்.

இதுக்குப் பதில் சொல்லாமல் கிறிஸ்தவங்க வெறும் உரிமைக்குரல் கொடுத்தால் அது இன்னொரு ஏழையின் தட்டில் கை வைக்கிற மாதிரி ஆயிடும். வழி இல்லாமல் இல்லை. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்யலாம்னு 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கு. மதம் மாறியவர்களுக்குத் தனி உட்பிரிவு, அவங்க மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி மொத்த சதவீதத்தையும் கூட்டுவது, யார் பங்கும் குறையாமல் பார்ப்பது. "எங்களைச் சேருங்க"ன்னு கேக்கறப்பவே "அவங்க பங்கு குறையக்கூடாது"ன்னு சேர்த்துக் கேக்கற சபையாக நாம இருக்கணும்.

ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவங்களுக்கு முன் அனுபவம் உண்டு. 2007-ல் கிறிஸ்தவங்களுக்குன்னு தனியாக 3.5 சதவீதம் கொடுத்தாங்க. கணக்குப் பார்த்தால் பிசி-யில் இருந்தப்போ கிடைச்சதை விடக் குறையுதுன்னு தெரிஞ்சு, அடுத்த வருஷமே வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஒதுக்கீட்டில் கோஷத்தை விடக் கணக்கு முக்கியம்னு அன்னைக்கே பாடம் கிடைச்சது.

இப்போ எங்கே நிக்குது

மூணாவது பத்தியை எதிர்த்து 2004-ல் போடப்பட்ட மனு உச்ச நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக இழுத்துக்கிட்டே போச்சு. 2022 அக்டோபரில் மத்திய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புது ஆணையம் அமைச்சது. இரண்டு வருஷக் கெடுவை அப்புறம் நீட்டிச்சாங்க. 2023 ஏப்ரல் 19-ல் மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் எஸ்சி தகுதி கொடுக்கணும்னு தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

தங்கவயல் வழக்கு கேரளாவில் திரும்ப நடந்த மாதிரி ஒரு வழக்கும் வந்தது. தேவிகுளம் தனித்தொகுதி, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பகுதி. 2021-ல் ஜெயிச்ச ஏ. ராஜா கிறிஸ்தவர்னு சொல்லி, சர்ச் பதிவேட்டையும் கல்யாண போட்டோக்களையும் பார்த்து 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செஞ்சது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாத்தி அவர் வெற்றியை உறுதிப்படுத்தியது. அன்னைக்குக் கோயில் சுவர், இன்னைக்குக் கல்யாண ஆல்பம். ஒரு மனுஷன் தன்னோட மதத்தை நிரூபிக்க இப்படி வீட்டு அலமாரியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கு.

இன்னொரு பக்கம் 2024 நவம்பரில் வந்த செல்வராணி வழக்கு. புதுச்சேரியைச் சேர்ந்தவர், வேலைக்காக எஸ்சி சான்றிதழ் கேட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போகிறவர்னு ஆவணங்கள் காட்டின. ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியல் சட்டத்தின் மேல் செய்யற மோசடின்னு நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது.

எனக்கு அந்த வார்த்தை வலிச்சுது. அந்த மாதிரி வாழ்றவங்க எங்க பக்கமும் இருக்காங்க. டிசி-யில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர். வெளியே இருந்து பார்க்கிறவங்க "கிரிப்டோ கிறிஸ்டியன்"னு கிண்டல் பண்ணுவாங்க. சபையிலும் சிலர் அவங்களை அரைகுறை விசுவாசின்னு பார்ப்பாங்க. பொய் சொல்றது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளையோட கல்லூரி சீட்டா, உண்மையாக ஒரு பெயரைச் சொல்றதான்னு ஒரு அம்மாவை நிறுத்தி வைக்கிற ஏற்பாட்டில் அரசுக்கும் பங்கு உண்டு, சபைக்கும் பங்கு உண்டு. தண்டனை மட்டும் அவங்களுக்கு.

நம்மால் ஆகிறது

டெல்லி ஆணையம் என்ன முடிவு எடுக்கும்னு காத்திருக்காமல், ஒவ்வொரு பங்கும் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. கல்லறையில் செத்த தேதி வரிசைப்படி அடக்கம் பண்றது. தேர் எந்தத் தெரு வழியாகப் போகுதுன்னு வரைபடம் போட்டு, போகாத தெருவை எழுதி வைக்கிறது. பங்குப் பேரவையிலும், சபை நடத்துற பள்ளி, மருத்துவமனை வேலைகளிலும் தலித் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர்னு வருஷா வருஷம் எண்ணி, அறிவிப்புப் பலகையில் ஒட்டறது. முதல் வருஷம் அந்தத் தாள் நமக்கே வெட்கமாக இருக்கலாம். ஆனா 1985-ல் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் அதுதான். நம்ம கையெழுத்தோட நாமே கொடுத்தால் அதை யாரும் பிரச்சாரம்னு தள்ள முடியாது.

கடைசியாக, சான்றிதழ் கேட்டவங்களுக்கான பதில். இன்றைய சட்டப்படி, எஸ்சி சாதியிலிருந்து கிறிஸ்தவரானவங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பிசி சான்றிதழ்தான். அப்பா, தாத்தாவின் டிசி-யும் பழைய சாதிச் சான்றும் இருந்தால் பத்திரமாக வைங்க, எந்தச் சாதியிலிருந்து மாறினாங்கன்னு காட்ட அதுதான் உதவும். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கல்வி உதவித்தொகைத் திட்டங்கள் உண்டு. பிசி சான்றிதழ் வாங்கியாச்சே, நமக்கு அங்கே என்ன வேலைன்னு விட்டுடாதீங்க. கல்லூரி அலுவலகத்தில் போய், கெடு முடியறதுக்கு முன்னாடி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்க.